கைக்குழந்தையும் கன்றுக்குட்டியும் உள்ள வீட்டில் ரோட்டா வைரஸ்: எந்த வழியை முதலில் அடைப்பது?

குழந்தைக்கு வயிற்றால் போனால் பல் முளைக்கிறது என்பார்கள், உரம் விழுந்திருக்கிறது என்பார்கள், தொக்கம் எடுக்கக் கூட்டிப்போவார்கள். கன்றுக்குட்டி கழிந்தால் பால் அதிகமாகக் குடித்துவிட்டது என்று முடித்துவிடுவார்கள். இந்த இரண்டுக்கும் பின்னால் பல சமயம் இருப்பது ரோட்டா வைரஸ். குழந்தையிடம் இருப்பதும் கன்றிடம் இருப்பதும் பெரும்பாலும் வேறு வேறு வகைகள், ஆனாலும் நெருங்கிய சொந்தங்கள். புதிதாக மாடு வாங்கிக் கட்டியவர்கள், முதல் குழந்தை பிறந்த வீட்டார், அங்கன்வாடியில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆகியோருக்கு இந்த வைரஸ் நடமாடும் வழிகளையும் அவற்றை அடைக்கும் முறையையும் இங்கே சொல்கிறோம்.

முதலில் எதிராளியைத் தெரிந்துகொள்ளுங்கள்

மனிதர்களிடம் இந்த வைரஸை 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் கண்டுபிடித்தார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வண்டிச் சக்கரம் போலத் தெரிந்ததால், லத்தீனில் சக்கரத்தைக் குறிக்கும் ‘ரோட்டா’ என்ற சொல் பெயரானது. மாட்டுக்கன்றில் இது அதற்கும் முன்பே, 1969இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பிடிபட்டுவிட்டது. கன்றைப் பார்த்த பிறகுதான் குழந்தையிடம் பார்த்தோம் என்று சொன்னால் தவறில்லை.

நடைமுறைக்கு இரண்டு எண்கள் போதும். நோயுற்ற குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் 1,000 கோடிக்கு மேல் வைரஸ் துகள்கள் இருக்கலாம். இன்னொருவருக்குத் தொற்ற 10 முதல் 100 துகள்கள் போதும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஒரு கிராமில் 99.9 சதவீதத்தைத் துடைத்து எடுத்துவிட்டாலும் மிஞ்சுவது ஒரு கோடித் துகள்கள். ‘பார்க்கச் சுத்தமாக இருக்கிறது’ என்பதை இந்த வைரஸிடம் நம்ப முடியாது.

உள்ளே போன பிறகு ஒன்று முதல் மூன்று நாட்களில் நோய் தெரியும். பெரும்பாலும் வாந்தியில் தொடங்கும். கூடவே காய்ச்சல், பிறகு தண்ணீராகப் போகும். மூன்று முதல் எட்டு நாட்கள் நீடிக்கும். குணமான பிறகும் சில நாட்கள் மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும். நோய் எதிர்ப்பு குறைந்த குழந்தைகளிடம் இது வாரக்கணக்கில் போகும். பெரியவர்களுக்குத் தொற்றினால் லேசான வயிற்றுக் கோளாறோடு போய்விடும், அல்லது ஒன்றுமே தெரியாது. தெரியாதது வசதியாகத் தோன்றும், ஆனால் பாட்டியும் அத்தையும் அறியாமலே குழந்தைக்குக் கடத்துவது இப்படித்தான்.

எந்த வழி பெரிது?

ஆட்கள் பொதுவாக முதலில் மாட்டைத்தான் சந்தேகப்படுகிறார்கள். எங்கள் கணிப்பு வேறு. ஒரு வீட்டில் ஒரு வாரத்துக்குள் நடக்கும் பரவலில் பெரும்பங்கு குழந்தையிடமிருந்து குழந்தைக்கு, கை வழியாக நடப்பது. தொழுவம் இரண்டாவது. தண்ணீர் மூன்றாவது, ஆனால் அது கெட்டால் ஒரு தெருவே படுத்துவிடும். உழைப்பையும் இந்த வரிசையில்தான் செலவிட வேண்டும்.

அப்படியானால் விலங்குகள் எதற்கு முக்கியம்? காரணம் வைரஸின் உடலமைப்பில் இருக்கிறது. அதன் மரபுப்பொருள் ஒரே இழையாக இல்லாமல் 11 தனித்தனி ஆர்.என்.ஏ. துண்டுகளாக இருக்கிறது. மாட்டு வைரஸும் மனித வைரஸும் ஒரே குடலில், ஒரே செல்லுக்குள் நுழைந்தால், துண்டுகள் இடம் மாறி, சீட்டுக்கட்டைக் கலைத்தது போலப் புதிய கலவை பிறக்கும். வகைகளைக் குறிக்க ‘ஜி’, ‘பி’ என்ற எழுத்துகளோடு எண் சேர்ப்பார்கள். ஜி6, ஜி10 ஆகியவை மாடுகளில் வழக்கமானவை. பெங்களூருவில் நோய் அறிகுறியே இல்லாத பிறந்த குழந்தைகளிடம் கிடைத்த ஐ321 என்ற ஜி10பி11 வைரஸில் பெரும்பாலான துண்டுகள் மாட்டினுடையவை. வேலூரிலும் பிறந்த குழந்தைகளிடம் ஜி10பி11 வகை கண்டறியப்பட்டிருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 1985-86இல் பச்சிளங்குழந்தைகளிடம் கிடைத்த 116ஈ என்ற வைரஸில் பத்துத் துண்டு மனிதனுடையது, ஒன்று மாட்டினுடையது. அந்தக் குழந்தைகளுக்கு நோய் வரவில்லை. பின்னாளில் ‘ரோட்டாவேக்’ சொட்டு மருந்து அதிலிருந்தே பிறந்தது.

பன்றி, நாய், பூனை, குதிரை, கோழி எல்லாவற்றுக்கும் தத்தம் வகைகள் உண்டு. நாய்க்குட்டியும் பூனைக்குட்டியும் கழிந்தால் குழந்தையை ஒதுக்கி வையுங்கள், அதற்கு மேல் பதற வேண்டாம். பன்றி வளர்ப்பவர்கள் மட்டும் மாட்டுத் தொழுவத்துக்குச் சொல்லும் எல்லாவற்றையும் பன்றிப் பட்டிக்கும் பொருத்திக்கொள்ளுங்கள்.

படி 1: சொட்டு மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள்

அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் இது 2016இல் ஆந்திரம், அரியானா, இமாச்சலம், ஒடிசா ஆகிய மாநிலங்களில் தொடங்கி, 2017இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. பிறந்து 6, 10, 14 வாரங்களில், மற்றத் தடுப்பூசிகளோடு வாய்வழியாகக் கொடுப்பார்கள். ரோட்டாவேக் என்றால் ஒரு தவணைக்கு 5 சொட்டு. வேறு நிறுவனத்து மருந்து என்றால் அளவு கூடுதலாக இருக்கும். தனியாரிடம் கிடைக்கும் ஒரு வகைக்கு இரண்டே தவணை. முதல் தவணை எந்த மருந்தோ அதிலேயே முடிப்பது நல்லது. அதனால் தாய்-சேய் நல அட்டையில் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.

இதன் மேல் அளவுக்கு மீறி நம்பிக்கை வைப்பவர்களும், அறவே நம்பாதவர்களும் உண்டு. வேலூரில் பிறந்த குழந்தைகளை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 2011இல் வெளியானது. ஆறு மாதத்துக்குள் 56 சதவீதக் குழந்தைகளுக்குத் தொற்று வந்துவிட்டது. மூன்று முறை இயற்கையாகத் தொற்றிய பிறகும் மிதமான, கடுமையான நோய்க்கு எதிரான பாதுகாப்பு 79 சதவீதம்தான். இயற்கைத் தொற்றே முழுக் கவசம் தராதபோது சொட்டு மருந்தும் முழுக் கவசமாகாது. கடுமையான நீரிழப்பையும் மருத்துவமனைப் படுக்கையையும் குறைப்பதே அதன் வேலை. ஆறு மாதத்துக்குள் பாதிப் பேருக்கு மேல் தொற்றிவிடுகிறது என்பதால்தான் ஆறாவது வாரம் என்று அவ்வளவு சீக்கிரம் வைத்திருக்கிறார்கள். ஊருக்குப் போகிறோம், சளி பிடித்திருக்கிறது என்று ஒரு மாதம் தள்ளினால் அதற்குள் தொற்று முந்திக்கொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். இது உயிருள்ள, வலுவிழந்த வைரஸ். கொடுத்த பின் சில நாட்கள் குழந்தையின் மலத்தில் வெளியேறும். வீட்டில் நோய் எதிர்ப்பு குறைந்தவர் இருந்தால் நாப்கின் மாற்றும் வேலையை அவரிடம் விடாதீர்கள். அடுத்தது, அரிதாகக் குடல் ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொள்ளும். குழந்தை விட்டுவிட்டு வீரிட்டு அழுது காலை மடக்கினால், தொடர்ந்து வாந்தி எடுத்தால், ரத்தம் கலந்த ஜெல்லி போல மலம் போனால் அன்றே மருத்துவமனை. முன்பே குடல் சொருகல் வந்த குழந்தைக்கு இந்தச் சொட்டு மருந்து கிடையாது.

படி 2: நாப்கின் முதல் கை வரை

மலம் போன இடத்திலிருந்து வாய்க்குப் போகும் பாதையில் கை நிற்கிறது. கையில் இந்த வைரஸ் மணிக்கணக்கில் பிழைக்கும். எவர்சில்வர், பிளாஸ்டிக், டைல்ஸ் போன்ற வழவழப்பான இடங்களில் நாட்கணக்கில் இருக்கும்.

நாப்கின் மாற்ற வீட்டில் ஒரே இடம் வையுங்கள், அது சமையலறைப் பக்கம் இருக்கக்கூடாது. துணி நாப்கினில் உள்ள மலத்தைக் கழிவறைக்குள் தட்டிவிட்டு, மூடியுள்ள தனி வாளியில் போடுங்கள். பாத்திரம் துலக்கும் தொட்டியில் அலசுவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு. சோப்பில் துவைத்து, கை பொறுக்காத சூட்டு நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நல்ல வெயிலில் உலர்த்துங்கள். நிழலில் ஈரத்தோடு தொங்கும் துணிக்கு இந்த உழைப்பு வீண்.

பயன்படுத்தி எறியும் டயப்பரைச் சுருட்டி, பையில் கட்டி, மூடியுள்ள தொட்டியில் போடுங்கள். எருக்குழியில் எறிந்தால் நாய் இழுத்து வாசலில் போடும்.

பிறகு கை. சோப்பு போட்டு விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு வரை 20 விநாடி தேய்த்து, ஓடும் நீரில் கழுவி, தனித் துண்டில் துடையுங்கள். குழாய் இல்லாத வீட்டில் இன்னொருவர் செம்பில் ஊற்றட்டும். அழுக்குக் கையால் வாளிக்குள் செம்பை விட்டால் வாளித் தண்ணீர் முழுவதும் போயிற்று. சேலைத் தலைப்பில் துடைப்பதும் அப்படியே, அடுத்த நிமிடம் குழந்தையின் வாயைத் துடைப்பது அதே தலைப்புதான். சானிடைசரை வெளியில் போகும்போது துணைக்கு வைத்துக்கொள்ளலாம், மலம் பட்ட கைக்கு அது சோப்புக்கு ஈடாகாது. குழந்தையின் கையையும் கழுவிவிடுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

படி 3: பிளீச்சிங் கரைசல்

தரை, தொட்டில் கம்பி, விளையாட்டுச் சாமான், கழிவறைக் கைப்பிடி ஆகியவற்றுக்கு 1,000 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) குளோரின் போதும். புதிய, 33 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 3 கிராம். திரவ பிளீச் 4 சதவீதம் என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 25 மி.லி., 5 சதவீதம் என்றால் 20 மி.லி. சேரும்படி அளக்க வேண்டும். மலமோ வாந்தியோ கொட்டிக் கிடந்த இடத்துக்கு ஐந்து மடங்கு, அதாவது லிட்டருக்கு 15 கிராம் பவுடர்.

பவுடரைப் பிளாஸ்டிக் குவளையில் சிறிது நீர் விட்டுக் குழைத்து, பிறகு முழு நீரையும் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் வண்டல் தங்கவிட்டு, மேலே தெளிந்ததை எடுங்கள். அன்றன்று கலக்குங்கள். வாய் திறந்து கிடந்த பை, மாதக்கணக்கில் அலமாரியில் இருந்த பவுடர் ஆகியவற்றில் குளோரின் பறந்துபோயிருக்கும். மூக்கை உறுத்தும் நெடி இல்லாத பவுடரை எடை போட்டுப் பயனில்லை.

இதில் தவறு நடப்பது பெரும்பாலும் வரிசையில். மலத்தின் மேல் நேராக பிளீச் ஊற்றினால் குளோரின் அந்த அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும், வைரஸுக்கு மிஞ்சாது. முதலில் காகிதத்தில் வழித்தெடுங்கள். பிறகு சோப்பு நீரில் கழுவுங்கள். அதன் பிறகே பிளீச், பத்து நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும். கடைசியில் வெறும் நீரில் துடையுங்கள். ஆசிட் கலந்த கழிவறைத் திரவத்தோடு பிளீச்சை ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு கிளம்பும். வாசனைப் பினாயில் மணத்துக்கு நல்லது, இந்த வைரஸுக்கு அதை நம்ப முடியாது.

படி 4: தொழுவம்

கன்றுகளை இது பெரும்பாலும் முதல் மூன்று வாரங்களில் தாக்கும். பிறந்து ஐந்து நாளுக்குள் கழிந்தால் ஈ.கோலை பாக்டீரியாவையும் சந்தேகிக்க வேண்டும். பிறகு ரோட்டா, மாடுகளுக்கு வரும் கொரோனா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி என்று பல ஒன்றாகச் சேர்ந்தும் வரும். சாணத்தின் நிறத்தை வைத்து எது என்று சொல்லிவிட முடியாது.

சீம்பால்தான் மருந்து, அதுவும் நேரத்தோடு. கன்று போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் முதல் ஊட்டு, ஆறு மணி நேரத்துக்குள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 25 கிலோ கன்றுக்கு 2.5 லிட்டர். எதிர்ப்புப் புரதங்களை ரத்தத்துக்குள் விடும் குடல்வழி மணிக்கு மணி அடைந்துகொண்டே வந்து 24 மணி நேரத்தில் மூடிவிடும். நஞ்சுக்கொடி விழும் வரை சீம்பால் தரக்கூடாது என்று காத்திருக்கும் பழக்கம் இந்த இடத்தில்தான் கன்றைக் கொல்கிறது. ரோட்டாவைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. குடலுக்குள்ளேயே தங்கும் எதிர்ப்புப் புரதம் வைரஸை அங்கேயே பிடிக்கும், அதனால் முதல் நாளோடு நிறுத்தாமல் சீம்பால் சுரக்கும் வரை அடுத்த நாட்களிலும் ஊட்டுங்கள். எல்லாவற்றையும் திரட்டுப்பாலுக்கு எடுத்துவிடாதீர்கள்.

பெரிய மாடுகள் நோயின்றியே வைரஸைச் சாணத்தில் விடும், கன்று போடும் சமயத்தில் கூடுதலாக. ஆகவே கன்று போடும் இடம் காய்ந்து, புது வைக்கோல் விரித்திருக்க வேண்டும். கன்றைத் தாயின் சாணம் விழும் பக்கத்திலிருந்து தள்ளிக் கட்டுங்கள். வேலை வரிசை முக்கியம்: முதலில் நலமான இளங்கன்று, பிறகு பெரிய கன்றுகள், கடைசியில் நோயுற்ற கன்று. அதற்குத் தனி வாளி, தனி புட்டி. அந்த வேலை முடிந்ததும் கை, கால், செருப்பு கழுவாமல் வீட்டுக்குள் நுழையாதீர்கள்.

கழிச்சல் கன்றின் சாணத்தை வாசல் தெளிக்கவும் தரை மெழுகவும் எடுக்காதீர்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் தொழுவத்துச் சாணம் எதையுமே உள்தரைக்கு எடுக்காமலிருப்பது இன்னும் நல்லது. குழந்தை கை ஊன்றுவது அந்தத் தரையில், அடுத்த நொடி கை வாய்க்குள். எருக்குழியில் குவியலாகப் போட்டு வைக்கோலோடு மக்கவிட்டால் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேறும். சில நாட்களுக்கு ஒருமுறை புரட்டி, ஓரத்தில் இருந்ததும் நடுச்சூட்டுக்குப் போகும்படி செய்யுங்கள். பச்சைச் சாணத்தைக் கீரைப் பாத்தியில் கரைத்து ஊற்றுவது வேண்டாம்.

சிமெண்ட் தரையைச் சுரண்டிக் கழுவிய பிறகு, நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்துப் பூசி உலரவிடலாம். மண் தரையை எந்த மருந்தாலும் சுத்தம் செய்ய முடியாது. மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, வெயில் பட விட்டு, கன்று கட்டும் இடத்தை மாற்றுவதே வழி.

படி 5: தண்ணீர்

தண்ணீரில், அதுவும் குளிர்ந்த நீரில், இந்த வைரஸ் வாரக்கணக்கில் பிழைக்கும். பாக்டீரியாவைவிடப் பல மடங்கு சிறியது என்பதால் மண் வழியாகவும் அதிக தூரம் கசியும். கிணற்றுக்கும் கழிவறைக் குழிக்கும் எருக்குழிக்கும் இடையே குறைந்தது 15 மீட்டர் விடுங்கள். மணல்பாங்கான மண்ணில் இன்னும் தள்ளி. ‘கோலிஃபார்ம் (மலக் கலப்பைக் காட்டும் பாக்டீரியா) இல்லை’ என்ற பரிசோதனைச் சீட்டு வைரஸ் இல்லை என்பதற்குச் சான்றாகாது. மெழுகுவர்த்தி வடிவப் பீங்கான் வடிகட்டியும் வைரஸைத் தடுக்காது.

கொதிக்கவைத்தால் போதும், குமிழி பொங்கிய பிறகு ஒரு நிமிடம். மேல்நிலைத் தொட்டிக்கு 1,000 லிட்டருக்கு 2.5 முதல் 4 கிராம் புதிய பிளீச்சிங் பவுடர் கரைத்து விட்டு, ஒரு மணி நேரம் கழித்து, நீரில் மிஞ்சிய குளோரினைக் காட்டும் குளோரோஸ்கோப்பில் பாருங்கள். 0.5 பி.பி.எம். காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பவுடர் பழசு, அல்லது தொட்டியில் சேறு. கலங்கிய நீரில் குளோரின் சேற்றோடு தீர்ந்துவிடும். முதலில் தொட்டியைக் கழுவுங்கள்.

படி 6: நோய் வந்துவிட்டால்

குழந்தையைக் கொல்வது வைரஸ் அல்ல, நீர் வற்றுவதுதான். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் ஆறவைத்த கொதிநீரில் ஒரே தடவையில் கரையுங்கள். கால் பொட்டலத்தைக் கண்ணளவாகப் போட்டால் உப்பு கூடியோ குறைந்தோ போகும். 24 மணி நேரத்தில் மீதியைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 100 முதல் 200 மி.லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஒரு ஸ்பூன் ஒரு ஸ்பூனாகக் கொடுங்கள். அவசரமாகக் குடிக்கவைத்துவிட்டு ‘எதுவும் தங்கவில்லை’ என்று கைவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. கண் உள்வாங்கி, தாகத்தில் தவித்தால் சுகாதார நிலையத்தில் கிலோவுக்கு 75 மி.லி. வீதம் நான்கு மணி நேரத்தில் தருவார்கள், அதாவது 8 கிலோ குழந்தைக்கு 600 மி.லி.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரை ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10 மி.கி., 14 நாட்கள். கழிச்சல் நின்றாலும் முடிக்க வேண்டும். ஆன்டிபயாடிக் இந்த வைரஸை ஒன்றும் செய்யாது. பெரியவர்களுக்கான கழிச்சல் நிறுத்தும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுப்பது ஆபத்து. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, குடிக்க முடியாத சோர்வு, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெல்லத் திரும்புகிறது, மலத்தில் ரத்தம் என்று எது தெரிந்தாலும் 108.

கன்றுக்கும் கணக்கு இதேதான். கால்நடை எலக்ட்ரோலைட் பவுடரை வெதுவெதுப்பான இரண்டு லிட்டர் நீரில் கரைத்து, பாலூட்டுகளுக்கு இடையில் கொடுங்கள். பாலோடு கலந்தால் பால் வயிற்றில் சரியாகத் திரியாது. பாலை முழுக்க நிறுத்தினால் கன்று பசியிலேயே ஓய்ந்துவிடும். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டு இரண்டு விநாடிக்கு மேல் நின்றால், வாய் சில்லிட்டால், உறிஞ்ச மறுத்தால், எழ முடியாவிட்டால் வாய்வழி நீர் போதாது, ஊசி வழியாகத்தான் ஏற்ற வேண்டும். கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962க்கு அழையுங்கள்.

குழந்தையை அங்கன்வாடிக்குத் திருப்பி அனுப்புவது கழிச்சல் நின்று முழுதாக 48 மணி நேரம் ஆன பிறகு. அதற்குப் பிறகும் மலத்தில் வைரஸ் இருக்கும் என்பதால் மேலும் ஒரு வாரம் அந்தக் குழந்தைக்குக் கால் கழுவிவிடுபவர் வேறு, சத்துமாவு பிசைபவர் வேறு. ஒருவரே இரண்டையும் பார்க்கும் மையம் என்றால் மாவு பிசைந்து ஊட்டி முடித்த பிறகு மற்றது, நடுவில் சோப்பு.